வரிக்குதிரை மீன் குஞ்சுகள்: மருந்து படாதவையே தாறுமாறாக நீந்துகின்றன

கேள்வி:
96 குழித் தட்டில் 5 நாள் வயதுக் குஞ்சுகளை வைத்து, பூச்சிக்கொல்லியின் நச்சு விளைவை அறிய வெளிச்சம்-இருட்டு சோதனை செய்கிறேன். இருட்டானதும் பரபரவென்று நீந்த வேண்டும். ஆனால் பூச்சிக்கொல்லி படாத குழிகளிலேயே ஒன்று பாய்கிறது, பக்கத்தில் இருப்பது கல்லாகக் கிடக்கிறது. மூன்று வாரமாக இதே கதை. நச்சு விளைவை இதில் எங்கே தேடுவது?

பதில் 1:
எத்தனை மணிக்குப் பதிவு செய்கிறீர்கள்? காலையில் ஒரு தட்டு, மாலையில் ஒரு தட்டு என்றால் ஒப்பிட முடியாது.

பதில் 2:
கல்லாகக் கிடப்பதை நுண்ணோக்கியில் பார்த்தீர்களா? மிதக்க உதவும் காற்றுப்பை ஊதாத குஞ்சு, நரம்பு நன்றாக இருந்தாலும் ஒழுங்காக நீந்தாது. நான் ஒரு மாதம் அதை நச்சு விளைவு என்றே எழுதி வைத்து, அப்புறம் வழிகாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது தட்டில் விடும் முன்பே பொறுக்கி நீக்கிவிடுகிறேன். பூச்சிக்கொல்லியைக் கரைக்க டிஎம்எஸ்ஓ (DMSO) சேர்த்தால், அந்தக் கரைப்பானே நடத்தையை மாற்றக்கூடும். அதற்குத் தனிக் குழிகள், வெறும் தண்ணீருக்குத் தனிக் குழிகள் வையுங்கள். ஓரக் குழிகளில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பூச்சிக்கொல்லி படாத ஒப்பீட்டுக் குஞ்சுகளை அங்கேயே அடுக்காதீர்கள்.

கேட்டவர்:
சரி, இப்போதுதான் பார்த்தேன். அசையாத 11 குஞ்சுகளில் 8-க்குக் காற்றுப்பை ஊதவே இல்லை. ஒப்பீட்டுக் குழிகள் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கின்றன!