கம்பெனி ரிம்மிலேயே பெரிய டயர்: எங்கே உரசும், எதுவரை போகலாம்

கம்பெனி ரிம்மை மாற்றாமல் ஒரு சைஸ் பெரிய டயர் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போடலாம், தாராளமாகப் போடலாம். ஆனால் வண்டி சமதளத்தில், ஸ்டியரிங் நேராக நிற்கும்போது ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்து "இடம் நிறைய இருக்கே" என்று முடிவு கட்டாதீர்கள். அந்த மேல்பக்க இடைவெளி உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. டயர் உரசும் இடங்கள் வேறு.

என் வண்டி ஹைலக்ஸ். கம்பெனி டயர் 265/65R17, அதாவது அகலம் 265 மி.மீ., சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் விட்டம் 17 அங்குலம். ரிம் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் 30 மி.மீ. (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் பொருந்தும் முகம் எவ்வளவு வெளியே இருக்கிறது என்ற அளவு; இது குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்). நான் போட்டது 265/70R17. அகலம் அதேதான், சைடுவால் மட்டும் உயரம். கணக்கு போட்டால் பழைய டயரின் விட்டம் 776 மி.மீ., புதியது 803 மி.மீ. அதாவது 3.4 சதவீதம் பெரிது, தரையிலிருந்து வண்டி உயர்வது அதில் பாதி, 13 மி.மீ. சொச்சம். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் பாறை ஏறும்போது அடியில் தட்டுகிற அந்த ஒரு சத்தம் குறைந்ததை முதல் முறை போனபோதே உணர்ந்தேன். அதைவிடப் பெரிய லாபம் சைடுவால்தான். காற்றைக் குறைத்தால் டயர் நன்றாகப் படிந்து பிடிக்கிறது, ரிம் பாறையில் இடிபடுவதும் குறைவு.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் எதுவும் போடவில்லை. எங்கும் உரசவில்லையா என்றால், ஒரே ஒரு இடத்தில். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது முன் டயரின் பின்பக்கம் மட்ஃபிளாப்பை லேசாகத் தொட்டது. முன்னால் போகும்போது சத்தமே இல்லை, ரிவர்ஸில் மட்டும். மட்ஃபிளாப்பைக் கழற்றி ஓட்டையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டியதும் சரியாகிவிட்டது.

அதே வண்டியில் நண்பர் ஒருவருடைய 285/70R17-ஐயும் மாட்டிப் பார்த்தோம். விட்டம் 831 மி.மீ., கிட்டத்தட்ட 33 அங்குலம். 7.5 அங்குல ரிம்முக்கு அந்த டயர் பொருந்தும், ஏனென்றால் அதற்கு அனுமதித்த ரிம் அகலம் 7.5-லிருந்து தொடங்குகிறது. ஆனால் முன் சக்கரத்தின் பின்பக்கம், வீல் ஆர்ச்சின் கீழ் மூலையில், பிளாஸ்டிக் லைனரை அழுத்திக்கொண்டு நின்றது. ஸ்டியரிங் உள்பக்கம் திரும்பும்போது டயருக்கும், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளுக்கும் நடுவே இருந்த இடைவெளியும் கண்ணால் பார்த்தாலே குறைந்து தெரிந்தது. லிஃப்ட், அலைன்மென்ட்டில் கேஸ்டரை (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வை) கூட்டி சக்கரத்தைச் சற்று முன்னால் தள்ளுவது, லைனரை வெட்டுவது, இவ்வளவும் செய்தால்தான் அது நிற்கும். அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை, 265/70-இலேயே நிறுத்திக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய டயர் என்றாலே ஆஃப்செட் குறைந்த புது ரிம்மும் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டயர் வெளியே தள்ளி நின்றால் இடம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. உள்பக்கம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் முன் சக்கரம் ஒரு அச்சைச் சுற்றித் திரும்புகிறது. டயரை அந்த அச்சிலிருந்து 30 மி.மீ. வெளியே தள்ளினால், திரும்பும்போது அது போடும் வட்டமும் பெரிதாகிறது, பம்பர் மூலையிலும் லைனரிலும் போய் இடிக்கிறது. கம்பெனி ரிம்மில் உரசாத டயர் புது ரிம்மில் உரசுவதற்கு இதுதான் காரணம். வீல் பேரிங்குக்கும் சுமை கூடுகிறது. கம்பெனி ரிம்மில் அகலத்துக்கு முக்கியமான தடை உள்பக்கம்தான். டயர் அகலமானால் கூடுதல் அகலம் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியும். 20 மி.மீ. அகலம் கூடினால் உள்ளே 10 மி.மீ. போய்விடும். அதனால்தான் நான் எப்போதும் சொல்வது: அகலத்தைத் தொடாதீர்கள், உயரத்தைக் கூட்டுங்கள்.

*

மேலே எழுதிய அண்ணன் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஆனால் ரிம் அகலம் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் ஜிம்னியில் பிரச்சினையே அதுதான். கம்பெனி டயர் 195/80R15, ரிம் வெறும் 5.5 அங்குலம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 235/75R15 போடுகிறார்கள். பார்க்க அம்சமாக இருக்கும், மறுக்கவில்லை. விட்டம் 693-லிருந்து 733-க்குப் போகிறது, ஆக்சிலின் நடுவில் தாழ்ந்து நிற்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் 20 மி.மீ. உயர்கிறது. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டு இணைக்கும் முழு ஆக்சில் வண்டியில் டிஃபரன்ஷியலைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டும்தான், லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் அந்த ஆசை எனக்கும் புரிகிறது.

ஆனால் 235/75R15-க்கு டயர் கம்பெனிகள் சொல்லும் ரிம் அகலம் 6-லிருந்து 8 அங்குலம். 5.5 அதற்குக் கீழே. அந்த டயரை இந்த ரிம்மில் மாட்டிய வண்டி ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சைடுவால் இரண்டு பக்கமும் பிதுங்கி, ரிம் உள்ளே அமுங்கி இருந்தது. டயரின் முகம் தட்டையாக இல்லாமல் நடுவில் மேடாக வளைந்திருந்தது. சுண்ணக்கட்டியால் டயரின் குறுக்கே ஒரு கோடு போட்டு, தார்ச் சாலையில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னோம். நடுவில் கோடு சுத்தமாக அழிந்துவிட்டது, இரண்டு ஓரத்திலும் அப்படியே வெள்ளையாக நின்றது. அதாவது ஓரத்துப் பட்டன் (டயர் முகத்தில் இருக்கும் ரப்பர் கட்டைகள்) சாலையைத் தொடவே இல்லை. காற்றைக் குறைத்துக் குறைத்து மறுபடி செய்ததில் கோடு ஓரளவு சமமாக அழிந்தது, ஆனால் அந்த அழுத்தத்தில் வளைவுகளில் வண்டி அலைந்தது.

நான் போட்டிருப்பது 215/75R15. அதற்கு 5.5 அங்குல ரிம் அனுமதிக்குள் வருகிறது. விட்டம் பத்து மி.மீ.தான் கூடுகிறது என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு அகலமும் பட்டனும்தான் தேவைப்பட்டது, சேற்றில் பிடிக்கிறது, எங்கும் உரசவில்லை, ஸ்டியரிங் கம்பெனி வண்டி மாதிரியே இருக்கிறது. நீண்ட பயணம் போகிறவன், குடும்பத்தோடு போகிறவன் என்ற முறையில் அது எனக்குப் போதும். 235 வேண்டும் என்று தீர்மானித்துவிட்டவர்கள் அதற்கேற்ற 6 அங்குல ரிம்முக்குப் போய்விடுங்கள் என்றுதான் சொல்வேன், கம்பெனி ரிம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கும் ஒரு எல்லை உண்டு.

அகலம் குறைந்த ரிம்மில் ஒரு நன்மையும் இருக்கிறது, அனுமதித்த அளவுக்குள் இருக்கும்வரை. காற்று குறைக்கும்போது ரிம் விளிம்பு சைடுவாலுக்குள் ஒளிந்துகொள்கிறது, கல்லில் படாது. அகல ரிம்மில் அந்த விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நின்று எல்லாக் கல்லிலும் கீறல் வாங்கும்.

இன்னொன்று, முன்னாலும் முழு ஆக்சில் உள்ள வண்டிகளில் கனமான டயர் போட்டதும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கலாம். டயரைக் குறை சொல்லிவிட்டு எல்லோரும் பேலன்ஸிங்குக்கு ஓடுவார்கள். பேலன்ஸிங் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூட்டுகளான கிங்பின் பேரிங், புஷ், டை ராட் எண்ட் இவற்றில் ஏற்கெனவே இருந்த ஆட்டத்தை லேசான டயர் மறைத்து வைத்திருக்கும். கனமான டயர் அதை வெளியே கொண்டுவந்துவிடும். புது டயர் வாங்கும் முன்பே ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

*

ஸ்டெப்னியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாலு டயரை மாற்றிவிட்டுப் பழைய டயரையே ஸ்டெப்னியாக வைத்துக்கொள்கிறார்கள். எப்போதும் நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற வண்டியில் விட்டம் வேறான டயரை மாட்டிக்கொண்டு ஓட்டினால், முன் பின் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் இடைவிடாமல் வேலை செய்ய வேண்டிவரும். தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்தை இணைக்கும் பார்ட் டைம் வண்டியில் நாலு சக்கரத்தையும் இணைத்துவிட்டுக் கெட்டியான சாலையில் ஓட்டினால் இன்னும் மோசம், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். நாலு டயர் என்று கணக்குப் போடாதீர்கள், ஐந்து என்று போடுங்கள்.

ஐந்தாவதை வைக்க இடம் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்க்க வேண்டும். என் வண்டியில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. பெரிய டயர் மாட்டியபோது கதவு மூடும் சத்தமே மாறியது, தாழ்ப்பாள் சற்று கீழே போய் விழுந்தது, கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் மூட வேண்டியிருந்தது. கீல் போல்ட்டுகளைத் தளர்த்திக் கதவைச் சரி செய்து, டயர் சாய்ந்து நிற்கும் ரப்பர் முட்டுகளையும் உள்ளே திருகி வைத்த பிறகு கிறுகிறு சத்தம் நின்றது. வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி என்றால் சைலன்சர் பைப்புக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே புது டயர் நுழைகிறதா என்று டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

*

ஸ்பீடோமீட்டர் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. ஹைலக்ஸ் நண்பர் போட்டது போல 3.4 சதவீதம் பெரிய டயர் என்றால் மீட்டர் முன்பு காட்டியதைவிட அவ்வளவு குறைத்துக் காட்டும். ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது, அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டித்தான் வைக்கின்றன. ஒரு சைஸ் ஏறினால் பெரும்பாலும் அந்த உபரிக்குள் அடங்கி, மீட்டர் முன்பைவிடத் துல்லியமாகிவிடும். என் வண்டியில் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டபோது அப்படித்தான் இருந்தது. 6 சதவீதம், 7 சதவீதம் என்று போனால் அந்த நம்பிக்கை வேண்டாம், ஜிபிஎஸ்ஸை வைத்துச் சரிபாருங்கள்.

மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஓடோமீட்டரும் குறைவாகத்தான் எண்ணும். அது காட்டும் தூரத்தை 1.034-ஆல் பெருக்கிவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகும் குறைந்தால் அது டயரின் எடையும் பட்டன் அமைப்பும்.

*

முதலில் ஹைலக்ஸ் பற்றி எழுதியவன்தான் மறுபடி. ஜிம்னி நண்பர் சொன்ன சுண்ணக்கட்டிக் கோடு அருமையான முறை, நானும் அதைத்தான் செய்கிறேன். காற்றழுத்தம் எவ்வளவு வைப்பது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி டயர் சாதாரண வகை, லோடு இண்டெக்ஸ் 112, அதாவது ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். நான் போட்டது எல்டி (லைட் டிரக், கனமான சுமைக்கான) வகை, 121, அதாவது 1450 கிலோ. எண் பெரிதாக இருக்கிறதே என்று கதவில் ஒட்டியிருக்கும் பழைய அழுத்தத்தையே வைத்துவிடாதீர்கள். அந்த 1450 கிலோ 80 பிஎஸ்ஐயில்தான் கிடைக்கும், சாதாரண டயர் 36 பிஎஸ்ஐக்குள்ளேயே தன் முழு எடையைத் தாங்கிவிடும். ஒரே அழுத்தத்தில் எல்டி டயர் தாங்குவது குறைவாகக்கூட இருக்கலாம். அதனால் எல்டி டயருக்குக் கதவு ஸ்டிக்கரைவிடச் சில பிஎஸ்ஐ கூட்டித்தான் தொடங்க வேண்டும். அப்புறம் ஆஃப்ரோடு ஓட்டுகிறவர்களிடம் புழங்கும் ஒரு கணக்கு இருக்கிறது: காலையில் குளிர்ந்த டயரில் அளவு பாருங்கள், நல்ல சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். எல்டி டயரில் 4 பிஎஸ்ஐ அளவுக்குக் கூடியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறியிருந்தால் காற்று குறைவு, டயர் அதிகமாக மடங்கிச் சூடாகிறது என்று அர்த்தம்.

மணலில் நான் 18 பிஎஸ்ஐ வரை இறக்குவேன், சிக்கிக்கொண்டால் 15. கம்பெனி ரிம்மில் பீடை (டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பை) இறுக்கிப் பிடிக்கும் வளையம் கிடையாது, ஆகவே அதற்குக் கீழே போய்க்கொண்டு ஸ்டியரிங்கைச் சடாரென்று ஒடித்தால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும்.

உரசுகிறதா என்று பார்க்கும் முறையையும் எழுதிவிடுகிறேன். டயரை மாட்டியதும் காலி இடத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து முன்னாலும் பின்னாலும் மெதுவாக ஓட்டுங்கள். அடுத்து ஒரு முன் சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் அதன் கடைசி ரப்பர் முட்டான பம்ப் ஸ்டாப்பைத் தொடும் அளவுக்கு அமுங்கவிட்டு, அந்த நிலையில் மறுபடி ஒடித்துப் பாருங்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே டார்ச்சோடு. வெளியே இருப்பவர் விரலை உள்ளே விடவே கூடாது. லைனரில் தூசி போய்ப் பளபளவென்று கறுத்த கோடு தெரிந்தால் அங்கேதான் உரசுகிறது. லைனரைச் சூடு காட்டி உள்ளே தள்ளலாம், வெட்டலாம், ஆனால் அதற்கு முன் பின்னால் என்ன இருக்கிறது என்று கழற்றிப் பாருங்கள், வயர் கட்டும் வாஷர் தொட்டியும் பல வண்டிகளில் அங்கேதான் இருக்கின்றன. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் டயர் தொடுகிற மாதிரி இருந்தால் அந்த சைஸையே விட்டுவிடுங்கள், அதில் பேச்சே கிடையாது.

வீல் நட்டை டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கி, 50-லிருந்து 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை சரிபார்த்துவிட்டு அப்புறம் காட்டுக்குள் போங்கள்.