"பார்வையாளர் சரக்கு" வேண்டாம், "நேயச்சரக்கு" என்போம்

வணக்கம்.

கனடிய ஊடக ஆய்வாளர் டல்லஸ் ஸ்மைத் 1977இல் முன்வைத்த audience commodity என்ற கருத்தாக்கத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் "பார்வையாளர் சரக்கு" என்ற சொல் ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலிருக்கிறது. முடிவைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல் அவருடைய கருத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது.

"குழந்தைகள் உணவு" என்றால் குழந்தைகளுக்கான உணவு. "பெண்கள் ஆடை" என்றால் பெண்களுக்கான ஆடை. அதே ஓட்டத்தில் "பார்வையாளர் சரக்கு" என்பதைப் படிப்பவர், பார்வையாளருக்கு விற்கிற சரக்கு, அதாவது நிகழ்ச்சி, என்றே எடுத்துக்கொள்வார். ஸ்மைத் மறுத்ததே இதைத்தானே! விளம்பரத்தை நம்பி நடக்கும் ஊடகம் நிகழ்ச்சியைக் காட்டி ஆட்களைத் திரட்டுகிறது. விளம்பரதாரருக்கு அது விற்பது அந்தத் திரளைத்தான். "சாரைப்பாம்பு" என்றால் சாரையாகிய பாம்பு. அதுபோல இதையும் "பார்வையாளராகிய சரக்கு" என்று இருபெயரொட்டாகக் கொள்ளலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணம் இடம் கொடுக்கிறது, காது கொடுக்கவில்லை.

"சரக்கு" இருக்கட்டும். பேச்சுவழக்கில் அதற்கு மது என்ற பொருள் இருப்பதால் "பண்டம்" என்று மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் பண்டமாற்றில் இருப்பதும் அதே பண்டம்தான். சந்தைக்கென்றே ஆக்கப்பட்டது என்ற அழுத்தம் சரக்கில்தான் இருக்கிறது. மார்க்சிய நூல்களைத் தமிழில் படித்தவர்களுக்கு அது பழகிய சொல்லும்கூட.

சிக்கல் "பார்வையாளர்" என்ற பாதியில். இன்றைய சமூக ஊடகத் தளங்களில் விற்பனைக்குப் போவது பார்வை மட்டுமா? ஒரு காணொளியைத் தொடாமல் மூன்று நொடி கட்டைவிரல் தயங்கி நிற்பதும் கணக்கில் ஏறும். 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஃபேஸ்புக் 39 லட்சம் பயனர்களை 17 நாள் கவனித்தது. எழுதத் தொடங்கிப் பதிவிடாமல் விட்ட அனுபவம் அவர்களில் 71 விழுக்காட்டினருக்கு இருந்தது. என்ன எழுதினார்கள் என்பதை எடுக்கவில்லை. எழுதி நிறுத்தினார்கள் என்பதை மட்டும் எண்ணினார்கள். தட்டி அழித்த சொல்லும் தடயமாகிற இடத்தில் "பார்வையாளர்" என்பது எத்தனை சின்னச் சொல்!

"பார்வையாளர்" என்பதற்குப் பதில், சபை என்ற பொருளில் "அவை" என்று தொடங்கலாம் என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அவை பேசுபவரை எடைபோடும். அவையறிதல், அவையஞ்சாமை என்று குறளில் இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன. ஜெர்மன் மெய்யியலாளர் ஹாபர்மாஸ் சொன்ன பொதுவெளி, அதாவது குடிமக்கள் கூடிப் பொது விஷயங்களை விவாதிக்கும் வெளி, பற்றி எழுதும்போது அந்தச் சொல் நமக்குத் தேவைப்படும். இங்கே செலவழிக்க வேண்டாம்.

என் முன்மொழிவு: நேயச்சரக்கு.

வானொலி நமக்கு "நேயர்" என்ற சொல்லைப் பழக்கியது. கேட்பவர், பார்ப்பவர் இருவரையும் அது அணைத்துக்கொள்ளும். ஆனால் "நேயர் சரக்கு" என்றால் மறுபடியும் "நேயருக்கான சரக்கு" ஆகிவிடும். ஆகவே ஆளை விட்டுவிட்டு, ஆளிடம் உள்ள நேயத்தை எடுத்தேன். விற்கப்படுவது ஆள் அல்ல. ஆளை விற்றால் அது அடிமை முறை. தொழிலாளியிடமிருந்து முதலாளி வாங்குவது உழைப்புச் சக்தியை, அதாவது வேலை செய்யும் திறனை. அதுபோல இங்கே கைமாறுவது நேயரின் நாட்டமும் நேரமும். ஒரு வேறுபாடு உண்டு: தொழிலாளி தன் உழைப்புச் சக்தியைத் தானே விற்றுக் கூலி பெறுகிறார். நேயர் விற்பவரும் அல்ல, அவருக்குக் கூலியும் இல்லை.

நேயம் என்றால் அன்பாயிற்றே, மனிதநேயம் நினைவுக்கு வருமே என்ற தடை எழும். எனக்கும் அந்தத் தயக்கம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் நண்பரின் குழந்தைப் படத்துக்கு இடுகிற விருப்பக்குறியும் விற்பனைக்கான தரவாகிறது என்னும்போது அந்த நெருடல் சொல்லில் இருப்பது நல்லது என்றே படுகிறது. "கவனச்சரக்கு" இதைவிடத் தெளிவுதான். ஆனால் கவனம் தனி ஒருவரின் மனத்தில் இருப்பது. ஸ்மைத் பேசியது அளந்து, வகைபிரித்து, கட்டாகக் கட்டிய திரளை.

வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதை இந்த வாக்கியத்தில் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்: "விளம்பரதாரர் வாங்கும் நேயச்சரக்கின் விலை, நேயர்களின் வயதையும் வருமானத்தையும் பொறுத்து மாறும்."