வெயில் ஊரில் ஐஸும் பனியும்: ஆடியவர்கள், அருகில் நின்று பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஜூரோங் அம்மா

சிங்கப்பூர் ஜூரோங்கில் ஜேகியூப் மாலின் ஐஸ் ரிங்க்கை, அதாவது ஸ்கேட்டிங் தளத்தை, மூடினார்களே, 2023 ஆகஸ்டில், அதற்கு முந்தைய வாரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு வருடமாக ஷார்ட் டிராக், அதாவது சின்ன வட்டத்தில் ஓடுகிற ஐஸ் ஸ்கேட்டிங் பந்தயம், அந்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்று வகுப்பு முடிந்து ஐஸ் சமன் செய்கிற வண்டி சுற்றிவிட்டுப் போயிருந்தது. தளம் ஈரமாகக் கண்ணாடி மாதிரி மின்னியது. பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், இவளை மட்டும் காணோம். தடுப்பு ஓரமாகக் குந்தி, கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை ஐஸில் அழுத்தி வைத்திருந்தாள். நான் கூப்பிட்டும் எடுக்கவில்லை. எடுத்தபோது ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. கை சிவந்து போயிருந்தது. "சூடா இருக்கும்மா" என்றாள். விறைத்த கைக்கு அப்படித்தான் தோன்றுமாம்.

ஷார்ட் டிராக் வீராங்கனை செயென் கோ 2018இல் பியோங்சாங் போனபோது சிங்கப்பூரிலிருந்து குளிர்கால ஒலிம்பிக்கிற்குப் போன முதல் ஆள் அவர்தான். அவருக்குப் பயிற்சி தந்தவர் தென்கொரியாவுக்காக நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற சுன் லீ கியுங். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஒரு நாடு, அங்கே ஒரு பேரங்காடிக்குள் 60க்கு 30 மீட்டர் ஐஸ். 2012இல் திறந்து பதினோரு வருடம் இருந்தது. வெப்ப நாட்டில் இந்தக் குளிர்கால விளையாட்டெல்லாம் எடுபடுமா, பிரபலமாகுமா என்று கேட்கிறார்கள். என் கண் முன்னால் எடுபட்டது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அரைத் தூக்கத்தில் வந்து வரிசையில் நிற்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ரிங்க் மூடிய பிறகு மகள் ஸ்கேட்ஸைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஏசி மெக்கானிக், துபாய்

சகோதரி எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் "எடுபட்டது" என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எமிரேட்ஸ் மாலில் ஸ்கி துபாய் என்கிற உள்ளரங்கப் பனிச்சறுக்கு இடம் 2005இல் வந்தது. 400 மீட்டர் சரிவு. மாலின் உள்ளே இருந்தே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். நான் ஆறு வருடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தேன். ஏழாவது வருடம் ஊருக்குப் போவதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை என்று காசு சேர்த்து உள்ளே போனேன். பூட்ஸ் கணுக்காலைப் பிடித்த பிடியில் நடக்கவே வரவில்லை. அடிவாரச் சரிவில் விழுந்து கிடக்கும்போது ஏழு வயது இருக்கும் ஒரு எமிராத்திச் சிறுமி பின்பக்கமாகவே சறுக்கி வந்து என் முன்னால் நின்று, கையை நீட்டினாள். அத்தனை சின்னக் கையைப் பிடித்து எழுந்திருக்க மனம் வரவில்லை. கோலை ஊன்றி எழுந்தேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன், 46 டிகிரி, ஷூவுக்குள் காலுறை மட்டும் இன்னும் சில்லென்று ஈரமாக இருந்தது. அந்த ஈரம் காயும்வரை நான் எதையும் யோசிக்கவில்லை.

அந்தச் சிறுமிக்கு அது விளையாட்டு. எனக்கு வாழ்நாளில் ஒரு மாலை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் "பிரபலம்" என்று சொல்லக்கூடாது.

தொழில் தெரிந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெயில்தான் எதிரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சூட்டைச் சமாளித்துவிடலாம். சுவரையும் கூரையையும் தடித்த இன்சுலேஷனில் போர்த்தினால் பாதி வேலை முடிந்தது. ஐஸ் தளத்துக்கு அடியில் குழாய் ஓடும், உப்புநீரோ கிளைகால் (glycol) என்கிற உறையாத திரவமோ குளிராகச் சுற்றும், மேலே சில சென்டிமீட்டர் ஐஸ், அவ்வளவுதான். ஆளைக் கொல்வது காற்றிலுள்ள ஈரம். கடலோர ஊரில் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்று உள்ளே வந்து ஐஸின் மேல் பனிமூட்டமாக நிற்கும், கூரையில் கோத்துச் சொட்டும், சொட்டிய இடத்தில் ஐஸ் முண்டும் முடிச்சுமாகும். ஈரத்தை உறிஞ்சத் தனி எந்திரம் இரவும் பகலும் ஓடவேண்டும். சென்னையில் ரிங்க் கட்டப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது கம்ப்ரசரைப் பற்றி அல்ல, ஈரநீக்கி என்ன அளவு, வாசலுக்கு இரட்டைக் கதவு உண்டா என்பதைத்தான்.

சக்கரக்கால்

துபாய் அண்ணன் சென்னையை இழுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

நான் இன்லைன், அதாவது ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஸ்கேட்ஸில், ஓடியவன். மாநகராட்சிப் பூங்காவின் சிமென்ட் தளத்தில் ஆரம்பித்து மாவட்டம், மாநிலம் வரைக்கும் போனேன். கல்லூரி மூன்றாம் வருடம் ஜனவரியில் நண்பர்களோடு ஷிம்லா. அங்கே 1920இலிருந்து ஒரு ரிங்க் இருக்கிறது. இயற்கை ஐஸ். இரவில் தண்ணீர் பாய்ச்சி விடுவார்கள், அதுவாக உறையவேண்டும். வானம் மூடியிருந்தால் உறையாது. இரண்டு நாள் மேகம், இரண்டு நாளும் காலையில் போய்த் திரும்பி வந்தோம். மூன்றாம் நாள் நட்சத்திரம் தெரிந்த இரவு. விடியற்காலையில் வாடகை ஸ்கேட்ஸ் மாட்டி இறங்கினேன்.

முதல் தள்ளலில் கால் எங்கோ போய்விட்டது. சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும், பிளேடு பிடிக்காது, விளிம்பைச் சாய்த்தால்தான் பிடிக்கும். அது மூளைக்குத் தெரிய நாலு சுற்று ஆனது. ஐந்தாவது சுற்றில் தொடை தானாகவே தாழ்ந்தது. இடது கை முதுகுக்குப் போனது. வளைவில் வலது காலைக் குறுக்கே எடுத்து வைத்தேன், வைத்த இடத்தில் பிளேடு "கர்ர்" என்று ஐஸை அறுத்தது. அந்தச் சத்தம்! சிமென்டில் பத்து வருடம் ஓடியிருக்கிறேன், இப்படி ஒரு சத்தத்தை என் கால் எழுப்பியதே இல்லை. ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர் இந்தியில் கேட்டார்: "எத்தனை வருஷமா ஐஸில் ஓடுறே?" அரை மணி நேரம் என்றேன். அவர் நம்பவில்லை. டிசம்பரிலேயே வந்து தங்கு, பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் போகவில்லை. இப்போது வயது 31.

அதனால் சொல்கிறேன், பனியிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடா வெயில் ஊர், அங்கே ஒகாலா என்கிற இடத்தில் சக்கரத்தில் ஓடிய எரின் ஜாக்சன் வளர்ந்த பிறகுதான் ஐஸுக்கு மாறினார். 2022இல் பெய்ஜிங்கில் 500 மீட்டர் தங்கம். அதே ஒகாலாவின் சக்கரத் தளத்திலிருந்து பிரிட்டனி போவும் ஜோயி மான்டியாவும் ஒலிம்பிக் வந்தார்கள். நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் சீனாவில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் 1000 மீட்டர் தங்கம் எடுத்தார், சக்கரத்தில். அந்தத் தொடையும் அந்த நுரையீரலும் இங்கே தயாராக இருக்கின்றன. இல்லாதது ஒரு தளம்தான்.

ஸ்கார்பரோ பெரியப்பா

எல்லாரும் தளம், எந்திரம் எண்டு கதைக்கிறியள். நான் ஒரு நாளைப் பற்றிச் சொல்லுறன்.

1988 பெப்ரவரி. நான் கனடா வந்து எட்டு மாசம். ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுற வேலை. குசினியில் சின்னத் தொலைக்காட்சி ஒண்டு ஓடிக்கொண்டிருந்தது. கால்கரி ஒலிம்பிக், நாலு பேர் இருந்து ஐஸ் பாதையில் சறுக்கிப் போற பொப்ஸ்லெட் வண்டிப் போட்டி. ஜமெய்க்காக்காரர் வருகினம் எண்டு சமையல்காரர் சத்தம் போட்டார். எங்களைப் போலக் கறுத்த ஆக்கள், எங்களைப் போல வெயில் தீவு. வண்டி வளைவில் ஏறிப் புரண்டது. தலைக்கவசம் சுவரில் உரசிக்கொண்டு போகுது. குசினியில் ஒருவரும் மூச்சு விடேல்லை. பிறகு நாலு பேரும் எழும்பி, வண்டிக்குப் பக்கத்தில் நடந்து எல்லைக்கோடு மட்டும் வந்தினம். சனம் கை தட்டுது, இவை கை குடுத்துக்கொண்டு நடக்கினம். நான் சவர்க்காரக் கையோட நிண்டு அழுதனான். ஏனெண்டு இண்டைக்கும் சொல்லத் தெரியாது. அந்த மாசம் முழுக்க நடைபாதை ஐஸில் விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தனான், அதுவாக இருக்கலாம்.

ஆறு வருசத்துக்குப் பிறகு, 1994இல் லில்லிஹாமரில், ஜமெய்க்கா நாலு பேர் போட்டியில் 14ஆம் இடம், அமெரிக்காவுக்கு முன்னால். அந்தத் தீவில் ஐஸ் பாதை ஒண்டும் இல்லை. தொடக்கத்தில் ஓடித் தள்ளுறதுதான் அந்தப் போட்டியில் பாதி, ஓட்டம் அவைக்கு இரத்தத்தில் இருந்தது. துபாய்த் தம்பி, பிரபலம் எண்டால் எல்லாரும் ஆடுறது மட்டும் இல்லை. ஒரு கோப்பை கழுவுறவன் முப்பத்தைஞ்சு வருசத்துக்கு மேல மறக்காமல் இருக்கிறானே, அதையும் கணக்கில் எடுங்கோ.

கிள்ளான் பள்ளத்தாக்கு

பெரியப்பா, வணக்கம். உங்கள் பதிவுக்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு மறுப்பு உண்டு. தொலைக்காட்சியில் பார்த்து நெகிழ்வது வேறு, அரங்கத்தில் நம் ஆள் ஆடுவதைப் பார்ப்பது வேறு.

2017 தென்கிழக்காசிய விளையாட்டு (SEA Games) கோலாலம்பூரில். முதல்முறையாக ஐஸ் ஹாக்கி, ஃபிகர் ஸ்கேட்டிங் எல்லாம் சேர்த்தார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் எங்கள் ஜூலியன் யீ தங்கம் எடுத்தார். சன்வே பிரமிட் மாலின் ரிங்க்கில் வளர்ந்த பையன், அடுத்த வருடமே குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடினார். நான் போனது ஹாக்கி பார்க்க. பிலிப்பைன்ஸும் தாய்லாந்தும். எனக்கு முன் வரிசையில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பினோ அக்காமார் ஏழெட்டுப் பேர். விதிகள் எதுவும் தெரியாது, பக் (பந்துக்குப் பதிலான வட்டு) எங்கே போகிறது என்றுகூட ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோல் விழுந்தபோது அதில் ஒருவர் குளிருக்குப் போர்த்தியிருந்த துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிச் சுழற்றி ஆடினார். பிலிப்பைன்ஸ் தங்கம். மணிலாவில் மால் ரிங்க்குகள் பல வருடமாக இருந்ததால் வந்த தங்கம் அது. மால் பணக்காரர்களுக்கு என்று சொல்லி முடித்துவிடாதீர்கள் துபாய் அண்ணே.

இரு பிள்ளைகளின் அப்பா

என் அனுபவம் சின்னது. மகன் இன்லைனில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்ட கையோடு மறுவாரம் தளத்துக்கு வந்து ஓரத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் சுற்றும் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

ஜூரோங் அம்மாவுக்குச் சில விஷயங்கள் சொல்லவேண்டும் என்று தோன்றியது. மகளை விட்டுவிடாதீர்கள். ஐஸ் இல்லாத ஊரில் சக்கரம்தான் பாலம். ஆனால் அவசரப்பட்டுப் பெரிய சக்கரம் வாங்காதீர்கள். அந்த வயதுக்கு 90 மில்லிமீட்டர் போதும், பூட் கணுக்காலை விடாமல் பிடிக்கவேண்டும். வளரும் கால் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கித் துணி திணிப்பார்கள், செய்யவே செய்யாதீர்கள், பாதம் உள்ளே ஆடினால் விளிம்புப் பழக்கம் கெட்டுவிடும். வீட்டில் வழுக்குப் பலகை ஒன்று செய்துகொள்ளலாம். லேமினேட் போட்ட பலகை, இரண்டு முனையிலும் கட்டை, காலில் கம்பளிக் காலுறை. பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் போகவேண்டும், நாளுக்குப் பத்து நிமிடம், முழங்கால் மடங்கியே இருக்கவேண்டும். கண்ணாடி முன்னால் செய்யட்டும். பழைய ஷார்ட் டிராக் பிளேடைத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள், ஈர உறையிலேயே கிடந்தால் துருப்பிடிக்கும். தீட்டுவதற்கு எந்திரக் கடையில் கொடுக்காதீர்கள், ஃபிகர் ஸ்கேட்ஸ் மாதிரி நடுவில் குழித்துவிடுவார்கள். இதற்கு இரண்டு பிளேடையும் ஒரு தாங்கியில் பூட்டிக் கல்லால் தட்டையாகத் தேய்க்கவேண்டும். ஜோகூர் பாருவில் மால் ஒன்றில் ரிங்க் உண்டு. மாதம் இரண்டு தடவை எல்லை தாண்டிப் போய் வந்தால் கால் ஐஸை மறக்காது. அப்புறம், முதல் நாளே வகுப்பில் சேர்க்காதீர்கள். சும்மா சுற்றவிடுங்கள்.

குல்மார்க் போனவன்

வெப்ப நாடு என்று பேசுகிறோம். குளிர் ஊரிலேயே என்ன நடக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2024 ஜனவரி நடுவில் காஷ்மீரின் குல்மார்க். பனிச்சறுக்கு வீரர் ஆரிஃப் கான் வளர்ந்த இடம். பெய்ஜிங் 2022 குளிர்கால ஒலிம்பிக்கிற்கு இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள் அவர். வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்தால் பழுப்புப் புல். ஜனவரியில்! ஸ்கி வாடகைக்காரர் ஒருவர் ஐம்பது, அறுபது ஜோடியைச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பக்கத்துக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார். பனி இல்லையே, எதற்கு இப்போது என்று கேட்டேன். "வந்தால் தயாராக இருக்கவேண்டும்" என்றார், தலை நிமிராமல். அடுத்த வருடமும் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியைப் பனி போதாமல் தள்ளிவைத்தார்கள்.

சக்கரக்கால் தம்பி, உங்களோடு உடன்படுகிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். தளம் கட்டினால் போதாது. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக உள்ளரங்க ரிங்க் கட்டினார்கள். அப்புறம் பல வருடம் பூட்டிக் கிடந்து 2025இல்தான் மறுபடி போட்டி நடந்தது. அந்த இடைவெளியில் எத்தனை பிள்ளைகளுக்கு வயது தாண்டியிருக்கும்? திறப்பு விழாவுக்கு வருகிற பணம் வேறு, மாதா மாதம் மின்கட்டணம் கட்டுகிற பணம் வேறு. இரண்டாவது பணத்துக்கு வழி தெரியாமல் யாரும் முதல் கல்லை வைக்கவேண்டாம்.

ஏசி மெக்கானிக், துபாய்

கிள்ளான் தம்பி, துண்டைச் சுழற்றிய அந்த அக்காவுக்காக என் வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். மின்கட்டணம் பற்றிக் குல்மார்க் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு.

ஜூரோங் அம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அலமாரி மேலிருந்து ஸ்கேட்ஸ் பையை இறக்கினேன். உறை ஈரத்தில் இருந்திருக்கிறது போல, இடது பிளேடில் குதிகால் பக்கம் துருப் புள்ளிகள். மகள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காலை நுழைத்தாள். போகவில்லை, மூன்று அளவு கூடிவிட்டது. அப்புறம் தரையில் உட்கார்ந்து, சமையலறைத் துணியால் அந்தத் துருவைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஜோகூர் ரிங்க் சனிக்கிழமை காலை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்? பதினொன்றுக்கு முந்தி வாடகை ஸ்கேட்ஸ் கிடைக்குமா?