மேசைக்கடியை விட்டு வெளியே வராத நாய்

கேள்வி:
விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து நாங்கள் தத்தெடுத்த மூன்று வயதுப் பெண் நாய், வந்து 6 நாட்களாகியும் மேசைக்கடியிலேயே ஒடுங்கிக் கிடக்கிறது. நாங்கள் உறங்கிய பிறகே உண்கிறது. கையை நீட்டினால் வாலை இடுக்கிக்கொண்டு உதட்டை நக்குகிறது. அதைப் பார்க்க மனம் தாங்கவில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1:
உதட்டை நக்குவதும், தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் தன்னை நெருங்க வேண்டாம் என்று நாய் தெரிவிக்கும் வழிகள் என்பதால், முதலில் கையை நீட்டுவதை நிறுத்துங்கள். மேசைக்கடிதான் இப்போது அதன் அடைக்கலம். அங்கிருந்து அதை ஒருபோதும் இழுக்காதீர்கள். நாள்தோறும் சற்றுத் தொலைவில் பக்கவாட்டாகத் தரையில் அமர்ந்து, அதன் கண்களை நேராகப் பார்க்காமல், மெல்லிய குரலில் எதையாவது வாசித்தபடி, சிறு இறைச்சித் துண்டுகளை அதன் பக்கம் உருட்டிவிடுங்கள். அதுவாக வந்து முகர்ந்தாலும் உடனே தொட வேண்டாம். எங்கள் நாய் என் முழங்காலில் தலை வைக்க ஏழு வாரங்கள் ஆயின.

மறுமொழி 2:
மேற்கூறியதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மிரண்ட நாய் கதவு திறந்த நொடியில் ஓடிவிடக்கூடும். ஆகவே வெளியே செல்லும்போது கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாமல், உருவிக்கொள்ள முடியாத மார்புப்பட்டையையும் அணிவியுங்கள். விருந்தினர் வருகையைச் சில வாரங்கள் தள்ளிவையுங்கள். ஒரு நாளுக்கு மேல் உணவைத் தொடாவிட்டால் கால்நடை மருத்துவரை அணுகுங்கள். ஏனெனில் உடல்வலியும் நாயை இப்படி ஒடுங்கச் செய்யும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்றிரவே தரையில் அமர்ந்து வாசிக்கத் தொடங்குகிறேன்.