ஃப்ளைவீல் மாற்றியபின் கியர்பாக்ஸில் கடகட சத்தம், அவசரம்

புதுக்கிளட்ச்:
வணக்கம். பழைய காருக்கு இலேசான ஃப்ளைவீல் (எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் எடைச் சக்கரம்) போட்டேன். ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே எஞ்சின் சீறுகிறது, அது சந்தோஷம். ஆனால் நியூட்ரலில் நிற்கும்போது டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். முதல் கியரில் எடுக்கும்போது இரண்டு தடவைக்கு ஒரு தடவை நின்றுபோகிறது. சனிக்கிழமை வெளியூர் போக வேண்டும். என்ன செய்யலாம்?

நாலாம்கியர்:
எந்தக் கார்? ஃப்ளைவீல் அலுமினியமா, ஸ்டீலா, பழையதையே லேத்தில் கடைந்ததா? கிளட்சை மிதித்தால் சத்தம் நிற்கிறதா?

எண்ணெய்ப்பிரியன்:
கியர் ஆயில்தான், சந்தேகமே வேண்டாம். என்ன ஊற்றினீர்கள்?

புதுக்கிளட்ச்:
மன்னிக்கவும். எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1971 மாடல். அலுமினியம். மிதித்தால் நின்றுவிடுகிறது.

எண்ணெய்ப்பிரியன்:
பார்த்தீர்களா! எம்ஜிபி கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில்தான், 20டபிள்யூ-50. யாராவது கியர் ஆயில் ஊற்றியிருப்பார்கள்.

பழையகை:
மிதித்ததும் நிற்கிற சத்தத்துக்கு ஆயில் என்ன செய்யும்? இதை எத்தனை முறைதான் எழுதுவது. தம்பி, நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு உதை உதைக்கும். உதைக்கும் உதைக்கும் நடுவே வேகம் ஏறி இறங்காமல் பிடித்துவைப்பதே ஃப்ளைவீலின் எடைதான். அதைக் குறைத்தால் அந்த நடுக்கம் அப்படியே கியர்பாக்ஸுக்குள் போகும், சுமையில்லாத பற்கள் ஒன்றோடொன்று தட்டும். நோய் இல்லை, காசு கொடுத்து வாங்கியது.

கணக்கன்:
வண்டி நின்றுபோவதற்கும் அதுதான் காரணம். ஆனால் லாபமும் அங்கேதான். விளிம்புப் பக்கம், மையத்திலிருந்து 13 செ.மீ. தள்ளி, 3 கிலோ குறைந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் கியரின் பல் விகிதம் 3.44, பின் ஆக்ஸிலுடையது 3.909. பெருக்கினால் 13.45. சுற்றும் எடையின் பாரம் இதன் வர்க்கப்படிதான் பெருகும், அது 181. டயர் அளவையும் சேர்த்துப் பார்த்தால், முதல் கியரில் காரிலிருந்து நூறு கிலோ இறக்கிவைத்த மாதிரி. நாலாவது கியரில் ஒன்பது கிலோகூடத் தேறாது.

வேகவிரும்பி:
அப்படியென்றால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் அலுமினியத்தில் போட்டுவிடலாமே?

கணக்கன்:
அது ஒல்லிக் குழாய். எடை மையத்தை ஒட்டியே சுற்றுகிறது, முதல் கியரின் பெருக்கமும் அதற்குக் கிடையாது. 3 கிலோ குறைத்தால் 3 கிலோ குறைந்தது, அவ்வளவுதான்.

வேகவிரும்பி:
நான் போட்டேன், பவர் ஏறியது நன்றாகவே தெரிந்தது.

பழையகை:
பவர் ஒரு குதிரைகூட ஏறாது. சும்மா நிற்கும்போது சீறுவதைக் கேட்டு ஏமாறுகிறீர்கள்.

வேகவிரும்பி:
ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் சார்.

பழையகை:
நீங்கள் பிறப்பதற்கு முன்பே ஓட்டியாயிற்று.

கரிக்கை:
நடுவில் ஒரு சந்தேகம். என் பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலையே கடைந்து மெலிதாக்கலாமா?

நாலாம்கியர்:
வேண்டாம். வார்ப்பிரும்பு இழுவிசை தாங்காது. அதிக சுற்றில் வெடித்தால் துண்டுகள் அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு உங்கள் கால் பக்கம்தான் வரும். ஸ்டீலில் செய்ததை வாங்குங்கள்.
புதுக்கிளட்ச், ஒன்று கேட்க விட்டுப்போனது. கிளட்ச் பிளேட் நடுவில் ஸ்பிரிங்குகள் இருக்கின்றனவா?

புதுக்கிளட்ச்:
இல்லை. கூடவே ரேஸ் பிளேட்டும் வாங்கிப் போட்டேன். அதையும் சொல்ல வேண்டுமா?

நாலாம்கியர்:
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! எஞ்சினின் உதையில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்குகள்தான் வாங்கிக்கொள்ளும். நீங்கள் ஃப்ளைவீல் எடையையும் எடுத்து, ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டீர்கள். ஸ்பிரிங் பிளேட்டையே திரும்பப் போடுங்கள். எஞ்சினை மறுபடி இறக்கத்தான் வேண்டும், சனிக்கிழமைப் பயணத்தை மறந்துவிடுங்கள். இறக்கும்போது, மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் கார்பன் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.
அப்புறம் இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் சமன் செய்யுங்கள். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் மாறி மாறிப் பிடியுங்கள். 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். பிறகு ஐடிலிங்கை, அதாவது சும்மா நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தை, நிமிடத்துக்கு 1000 சுற்றுப் பக்கம் ஏற்றுங்கள்.

எண்ணெய்ப்பிரியன்:
எதற்கும் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

புதுக்கிளட்ச் (11 நாள் கழித்து):
ஸ்பிரிங் பிளேட் போட்டேன். சத்தம் முக்கால்வாசி போய்விட்டது. எடுக்கும்போது நிற்பது மட்டும் எப்போதாவது இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

நாலாம்கியர்:
ஐடிலிங் எவ்வளவில் வைத்தீர்கள்?

நாலாம்கியர் (5 நாள் கழித்து):
ஹலோ?