புரோகிராமிங் படித்தபோது உங்களைத் திகைக்க வைத்தது எது?

முதலாண்டில் நடந்த ஒன்றை நான் சொல்லித் தொடங்கி வைக்கிறேன். அன்று பைனரி சர்ச் பாடம், அதாவது பட்டியலில் ஒன்றைச் சீக்கிரம் தேடிக் கண்டுபிடிக்கும் முறை. வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவில் இருப்பதைப் பார், தேடுவது அதைவிடச் சிறியதா பெரியதா என்று கேள், வேண்டாத பாதியைத் தள்ளிவிடு. விஷயம் இவ்வளவுதான். பத்து லட்சம் பெயர்கள் இருந்தாலும் 20 முறை பார்த்தால் போதும். சார் அதைப் போர்டில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதிவிட்டு, "இதுல ஒரு தப்பு இருக்கு, கண்டுபிடிங்க" என்றார்.

வகுப்பே அதன்மேல் விழுந்தது. "விடச் சிறியது" என்று இருக்கிறதே, "சிறியது அல்லது சமம்" என்று இருக்க வேண்டாமா? காலிப் பட்டியல் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரே ஓர் எண் மட்டும் இருந்தால்? எல்லாமே சரியாகத்தான் வந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நோட்டில் நான்கு உதாரணங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தப்பே இல்ல சார்" என்று உறுதியாகச் சொன்னாள்.

அவர் நடுப்புள்ளியைக் கணக்கிடும் வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். தேடும் பகுதி தொடங்கும் இடத்தின் எண் கீழ் எல்லை, முடியும் இடத்தின் எண் மேல் எல்லை; இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரி அது. கீழ் எல்லை 100 கோடி, மேல் எல்லை 150 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கூட்டினால் 250 கோடி. ஆனால் முழு எண்ணைச் சேமிக்க வழக்கமாக ஒதுக்கும் 32 பிட் இடத்தில் அடங்கும் உச்சம் 2,147,483,647, அதாவது ஏறக்குறைய 214 கோடி. ஜாவா மொழியில் அதைத் தாண்டியதும் எண் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். நடுப்புள்ளி மைனஸ் 89 கோடிச் சொச்சம்! அப்படி ஓர் இடம் எந்தப் பட்டியலில் இருக்கிறது? இரண்டு எல்லைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கி, அதைக் கீழ் எல்லையோடு கூட்டினால் இந்தச் சிக்கல் இல்லை.

அப்புறம் சொன்னதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. இதே தவறு ஜாவா மொழியோடு தயாராக வரும் நிரல்களின் தொகுப்பான அதன் சொந்த நூலகத்திலேயே ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இருந்திருக்கிறது. அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-இல் அதை வெளிப்படையாக எழுதினார். நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் உள்ள பட்டியலை யாரும் கொடுக்காதவரை அது வெளியே தெரியவே வாய்ப்பில்லை. லேபில் கொடுக்கும் மாதிரி உள்ளீடுகளுக்கெல்லாம் சரியாக ஓடியது என்றால், அந்த உள்ளீடுகளுக்குச் சரியாக ஓடியது என்று மட்டும்தான் அர்த்தம். இதை அதற்கு முன்பு எந்தப் பாடப்புத்தகமும் எனக்குப் புரிய வைத்ததில்லை.

* * *

உங்களுடையது கோடிக்கணக்கில். நான் பார்த்தது 0.1-இலேயே முடிந்துவிட்டது. பைத்தான் லேபில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னார்கள். திரையில் 0.30000000000000004. பக்கத்து சீட் நண்பன் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று வேறு மெஷினுக்கே மாறிவிட்டான். அங்கேயும் அதே விடை!

மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா? கம்ப்யூட்டர் பயன்படுத்தும், 0-உம் 1-உம் மட்டுமே உள்ள இரும எண்ணில் பத்தில் ஒரு பங்குக்கும் அதே கதிதான். எங்கேயாவது வெட்டித்தான் சேமிக்க முடியும். பூஜ்ஜியத்தில் தொடங்கி 0.1 ஆகக் கூட்டிக்கொண்டே போய், 1-க்குச் சமமானதும் நிற்கும்படி லேபில் ஒரு லூப் (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்று) போட்டுக் காட்டினார்கள். பத்தாவது முறையில் 0.9999999999999999 வந்தது, அடுத்தது 1-ஐத் தாண்டியது, லூப் நிற்கவே இல்லை. பணக் கணக்கைப் பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைக்கச் சொல்வது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

* * *

ரிகர்ஷன் பற்றி யாரும் சொல்லவில்லையே! எங்கள் வகுப்பில் பாதிப் பேர் படிப்பின்மேல் சந்தேகப்பட்டது அந்த வாரத்தில்தான். ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கென்று பெயர் வைத்து எழுதிய நிரல் துண்டு, தன்னைத் தானே கூப்பிடுகிறது என்றால் தலை சுற்றாதா? ஒவ்வொரு அழைப்பையும் துரத்திக்கொண்டு உள்ளே உள்ளே போவோம், நான்காவது படியில் தொலைந்துபோவோம். ஒரு சீனியர் அக்கா சொன்னது இது: "உள்ள போகாதீங்கப்பா. சின்ன எண்ணுக்கு அது சரியா விடை சொல்லும்னு நம்பு. அந்த விடையை வச்சுப் பெரிய எண்ணுக்கு என்ன பண்ணணும்னு மட்டும் எழுது. எங்க நிக்கணும்கிறதை மறந்துடாத." எனக்குக் கிடைத்த விளக்கங்களில் இதைவிட நல்லது இல்லை.

ஆனால் நம்பிக்கைக்கு விலையும் உண்டு. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபோனாச்சி வரிசையின் 40-ஆவது எண்ணை நேரடியாக ரிகர்ஷனில் எழுதி, ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்படுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். 33,11,60,281 முறை! 38-க்கான கணக்கை 2 முறை, 37-க்கு 3 முறை, 36-க்கு 5 முறை, 35-க்கு 8 முறை என்று அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. அந்த எண்ணிக்கையே ஃபிபோனாச்சி வரிசைதான் என்று கவனித்தபோது வகுப்பில் ஒரு சலசலப்பு. கண்ட விடைகளை ஒரு அட்டவணையில் குறித்துவைத்துக்கொண்டால் நாற்பது படிகளில் வேலை முடிந்துவிடும். வேகமாக ஓடும் சி மொழியில் ஓட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவில்லை. பைத்தானில் ஓட்டியவர்கள் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

* * *

நான் இப்போது லேபில் உதவி ஆசிரியர், அதனால் மேசைக்கு இந்தப் பக்கத்துக் கதை. அசைன்மென்ட்களை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வெகு காலமாக உண்டு. மாஸ் என்ற ஒன்று 1994-இலேயே உருவானது. மாறிகளின் பெயரை மாற்றினாலும், கமென்ட்டை (இடையில் எழுதும் விளக்கக் குறிப்பை) அழித்தாலும், நிரலின் அமைப்பை வைத்தே பிடித்துவிடும். இப்போது ஏஐ புதிதாக எழுதித் தரும் கோடில் அந்த வித்தை செல்லாது. ஒப்பிட இன்னொரு பிரதி இருந்தால்தானே!

அதனால் வைவா எனும் வாய்மொழித் தேர்வில்தான் நேரம் செலவழிக்கிறேன். மாணவர் கொடுத்த கோடில் ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டு, ஓட்டாமல் அவுட்புட்டைச் சொல்லச் சொல்வேன். சிலருக்குக் கை தானாக ரன் பட்டனுக்குப் போகும். ஒரு மாணவி தாளை எடுத்து, மாறிகளுக்கு ஆளுக்கொரு கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் மதிப்பை அடித்து அடித்து எழுதினாள். கடைசிச் சுற்றில் ஒன்று பிசகிவிட்டது, விடையும் தப்பு. அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அவளுக்கு முன்னால் வந்தவரின் நிரல் அழகாக ஓடியது, ஆனால் நடுவில் இருந்த லூப் எதற்கு என்று கேட்டதற்கு, "அது இருந்தாதான் சார் ஓடுது" என்றார்.