லண்டனில் முதல் கார்: சின்னதாக, ஓட்ட ஜாலியாக

காரைப் பார்க்கும் முன் இன்சூரன்ஸைப் பாருங்கள். நான் தலைகீழாகச் செய்தவன். பழைய ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்றை ஓட்டிப் பார்த்த மயக்கத்தில் முன்பணம் கொடுத்துவிட்டேன். அன்று இரவு இன்சூரன்ஸ் கேட்டால், காரின் விலையில் பாதிக்கு மேல்! ஊரில் பத்து வருடம் கீறல் விழாமல் ஓட்டியதைப் பல கம்பெனிகள் இங்கே கணக்கில் எடுப்பதில்லை. கார்களை 1 முதல் 50 வரை குரூப் பிரித்திருக்கிறார்கள். எண் ஏறினால் பிரீமியமும் ஏறும். உங்கள் போஸ்ட்கோடும் அதில் விளையாடும்.

சின்ன காரில் சுகம் தருவது எடைக் குறைவும் ஸ்டியரிங்கும் கியரும்தான். என் ஓட்டு 2015க்குப் பிறகு வந்த மாஸ்டா 2, 1.5 லிட்டர், 90 குதிரைத்திறன். டர்போ கிடையாது, எடை ஏறத்தாழ ஒரு டன். கியர் டக் டக்கென்று விழும். வளைந்து நெளியும் கிராமத்துச் சாலையில் நாற்பது மைலில் போனாலே முகத்தில் சிரிப்பு வரும். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடுவது பெல்ட் அல்ல, டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவும் இல்லை.

ஃபோர்டு ஃபியஸ்டா உற்பத்தி 2023இல் நின்றுவிட்டாலும் செகண்ட் ஹேண்டில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். 1.25 லிட்டர் மெதுவான வண்டி, ஆனால் ஸ்டியரிங் அருமை. 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் என்ற டர்போ எஞ்சின் வேகமானது. அதன் டைமிங் பெல்ட் பல வருட மாடல்களில் ஆயிலுக்குள்ளேயே ஓடும், ஆயில் கெட்டால் பெல்ட்டும் கெடும். ஆயில் நேரத்துக்கு மாற்றிய ரசீது இல்லையா? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பட்ஜெட் ரொம்பக் குறைவா? 2008இல் இங்கு வந்த முதல் தலைமுறை ஹூண்டாய் ஐ10 பாருங்கள். நம்ம சென்னையில் செய்து கப்பலேறி வந்த வண்டி!

எதுவானாலும் நம்பர் பிளேட்டை அரசுத் தளத்தில் போட்டால் பழைய எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) முடிவுகள் இலவசமாகத் தெரியும். துரு என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தால் விட்டுவிடுங்கள். டீசல் மலிவாகக் கிடைத்தால், யூலெஸ் (லண்டனின் புகைக் கட்டுப்பாட்டு மண்டலம்) விதிக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் லண்டனுக்குள் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு.

அப்புறம் லைசென்ஸ். இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். அதற்குள் இந்த ஊர் லைசென்ஸுக்கான டெஸ்ட்டை மேனுவலிலேயே எடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் பாஸ் செய்தால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். அந்த மாஸ்டா கியரை நீங்கள் தொடவே முடியாது.